எட்டு வரியில் எல்லாம் சரி

விரலை எங்கே வைத்தோமோ அங்கேதான் அது விழ வேண்டும். இதில் பெரிய தத்துவம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஒன்றுமில்லாத விஷயத்துக்காக அந்த அலுவலகத்தில் ஒருத்தி இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதனால் அவளுக்குச் சண்டைக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவளும் அந்தப் பெயருக்கு "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

டேப்லெட்டிலும் செல்பேசியிலும் ஓடும் செயலிகளுக்குப் பட்டியல் எழுதுவது அவள் வேலை. பட்டியல்தானே, என்ன பிரமாதம் என்று கேட்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்பெல்லாம் திரையிடம் இதை அங்கே வை, அதை இங்கே நகர்த்து என்று ஒவ்வொன்றாக ஏவ வேண்டும். இப்போது அப்படி இல்லை. இந்த நிமிடம் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், திரை தன்னைத் தானே வரைந்துகொள்ளும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மறுபடி வரைந்துகொள்ளும். சௌகரியம்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி எந்த வரியில் நின்றாள் என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதை ஒருவர் தனியாக நினைவில் வைத்துக்கொண்டு, நீ வரைந்துகொள், ஆனால் இவள் நின்ற இடத்தைக் கலைக்காதே என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவராக இருப்பதுதான் தன் பிழைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஓர் ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்துக்கு அவர்கள் செய்து கொடுத்த செயலியில் அதைத்தான் செய்திருந்தாள். நடுப்பகல் சாப்பாட்டுக்கு முன்னூற்று நாற்பது தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் பட்டியலில் ஒரு வரி: வார்டு, படுக்கை, உப்பில்லாததா, சர்க்கரை இல்லாததா, அரைத்ததா. முன்பே வந்த வரிகள் மேலே, புதிதாக வருபவை அடியில். தட்டை மூடி வண்டியில் ஏற்றியதும் அந்த வரியைத் தொட வேண்டும். வரி சாம்பல் நிறமாகும். கிளம்பியாச்சு என்று அர்த்தம். கால் மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். இதே செய்தி வார்டில் இருக்கும் நர்ஸுக்கும் போகும். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அதைப் பார்த்துத்தான் அவர் இன்சுலின் ஊசி போடுவார், பத்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும் என்ற நம்பிக்கையில்.

மேலே நாலு வரி மறைந்தாலும் அடியில் நாற்பது வரி சேர்ந்தாலும் பார்ப்பவள் பார்த்துக்கொண்டிருந்த வரி இம்மி நகராது. அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

நகர வைத்தவர் மேனேஜர். எது கேட்டாலும் பாத்துக்கலாம் என்பார். அதனால் அவருக்கும் அதுவே பெயர், இது மட்டும் முதுகுக்குப் பின்னால். ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரிக்குச் செயலியைக் காட்டப் போனவர் ஓர் ஆசையோடு திரும்பி வந்தார். "புதுசா வர்ற தட்டு உடனே கண்ணுல படணுமாம். புதுசு வந்தா பட்டியல் தானா அடிக்கு ஓடணும்."

"ஓடினா, மேல தொடப் போறவங்க கதி?"

"நான் டேப்லெட்ல போட்டுப் பாத்தேனே. மேல ஒண்ணும் நகரல, புதுசு அழகா அடியில வந்து உக்காருது."

"எத்தன வரி போட்டுப் பாத்தீங்க?"

"எட்டு."

எட்டு வரி திரைக்குள் அடங்கிவிடும். ஓடுவதற்கு இடமே இல்லாதபோது எது ஓடும்? மூன்று நாள் அவள் படித்துப் படித்துச் சொன்னாள். அவர் மூன்று நாளும் பாத்துக்கலாம் என்றார். நாலாம் நாள் அவள் அந்த ஒரு வரியை எழுதினாள்: புதிது வந்தால் பட்டியல் கடைசிக்குப் போகட்டும். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திருத்தம் செய்தாலும் யார், எப்போது, எதற்காக என்று கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டும். எல்லாரும் சின்னத் திருத்தம் என்று கிறுக்கிவிட்டுப் போவார்கள். அவள் இப்படி எழுதினாள்: "இது தப்பு. நீளமான பட்டியலில் விரல் வைக்கும் நேரத்தில் வரி நகர்ந்து, வேறு யார் மேலோ விரல் விழும். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மேனேஜர் சொன்னதால் போடுகிறேன்."

எழுதிவிட்டு, கடமையை முடித்தவள் மாதிரி வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, மேனேஜர் வந்து நின்றார்.

"அந்தச் சமையற்கூடத்துல ஒரு அம்மா சொதப்பிட்டாங்க. அனுப்பாத தட்ட அனுப்பிட்டேன்னு தொட்டிருக்காங்க. ஊசி போட்டாச்சு, சாப்பாடு வரல. அந்த ஆளு மயங்கி விழுந்து புருவத்துல அஞ்சு தையல். நல்லவேளை, இப்ப நல்லா இருக்காரு. விசாரணை வச்சிருக்காங்க. நம்ம கிட்ட ஒரு கடிதம் கேக்கறாங்க. செயலியில குறை இல்ல, தொட்டவங்க தப்புன்னு. பதிவேட்ட எடுத்துக் குடு."

பையை இறக்கி வைத்தாள். பதிவேட்டைத் திறந்தாள். அந்த அம்மா தொட்டது ஆறாம் வார்டு, இருபத்தோராம் படுக்கை. மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று, ஏழாவது நொடி. சந்தேகமே இல்லை, தொட்டிருக்கிறார்.

புதிய தட்டுகள் வந்து சேரும் நேரம் வேறொரு கோப்பில் இருக்கும். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததை எடுத்துப் பார்ப்பதுதானே அவளுடைய வியாதி. பன்னிரண்டு நாற்பத்தொன்று, அதே ஏழாவது நொடி, தொடுவதற்கு ஓர் இமைப்பொழுது முன்னால், ஒரு புதுத் தட்டு பட்டியலின் அடியில் வந்து விழுந்திருந்தது. பட்டியல் ஓடியிருக்கிறது. விரல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அத்தோடு விட்டாளா? நாலு மாதப் பதிவையும் தோண்டினாள். ஒரு வரியைத் தொட்டு, அடுத்த நொடியே அதை மாற்றி, மேலே போய் வேறொரு வரியைத் தொட்ட இடங்களை எண்ணினாள். அறுபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணம் முன்னால் ஒரு புதுத் தட்டு வந்திருந்தது. அதாவது அந்த அம்மா அறுபத்தோரு முறை தவறவைக்கப்பட்டு, அறுபத்தோரு முறையும் தானே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார். அறுபத்திரண்டாவது கைநழுவிப் போயிருக்கிறது.

அந்த ஓட்டத்தை எடுத்துவிடும் திருத்தத்தை அங்கேயே எழுதி முடித்தாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மேனேஜரின் ஒப்புதல் வேண்டும். தாளை அச்செடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"இப்ப இத அனுப்பினா நாமளே குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். விசாரணை முடியட்டும், பாத்துக்கலாம். அந்தம்மாவயும் ஒண்ணும் வீட்டுக்கு அனுப்பப் போறதில்ல. கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா சலவைப் பிரிவுக்கு மாத்திடுவாங்க, அவ்வளவுதான்."

"போடலன்னா?"

"போடலன்னா வேலை போகும். ஏற்கெனவே மூணு தடவ புகார் எழுதியிருக்காங்களாம், பட்டியல் ஓடுது ஓடுதுன்னு."

"எனக்கு வரவே இல்லையே சார்."

"நான்தான் பயிற்சி குடுத்துடலாம்னு பதில் போட்டு முடிச்சு வச்சேன். விடு. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"மேடை கோணல்தான் சார். போட்டவளே நான்தானே."

அவர் சாத்திய கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "அந்தத் திருத்தத்தோட ஒரு குறிப்பு எழுதியிருக்க. அத மட்டும் எடுத்துடு."

"மாட்டேன் சார்."

"எடுக்க முடியாதா?"

"முடியும். மாட்டேன்."

"நல்லா யோசி. அதுல உன் பேருதான் இருக்கு. தப்புன்னு தெரிஞ்சே போட்டேன்னு உன் கையாலயே எழுதியிருக்க. நாளைக்கு மாட்டினா மொதல்ல நீதான் மாட்டுவ. நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்."

நல்லதுக்குச் சொல்கிறாராம். ஆனால் அவர் சொன்னது உண்மை என்பதுதான் அவளைச் சுட்டது. நாலு மாதமாக அந்தக் குறிப்பைத் தன் வீரத்துக்குச் சான்றிதழ் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன், கேட்கவில்லை என்று. இப்போது படித்தால் அது வேறு மாதிரி இருந்தது. கிணறு இருக்கிறது என்று பலகையில் எழுதி, பலகையைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்தவள் எழுதிய மாதிரி.

"விசாரணை எப்ப சார்?"

"புதன்கிழம பதினோரு மணிக்கு. நீ வர வேணாம்."

வீட்டில் மாமனார் செல்பேசியோடு வழக்குத் தொடுத்துக்கொண்டிருந்தார். அவர் நீளமான செய்திகளை உதட்டை அசைத்துப் படிப்பவர். நடுவில் ஓர் அழைப்பு வந்து போனால் செய்தி மறுபடி முதல் வரிக்குப் போய்விடும். உலகத்தில் செயலி எழுதுகிற எல்லாருக்கும் பொறுப்பாளி தன் மருமகள்தான் என்பது அவர் தீர்மானம்.

"உங்க ஆளுங்க பண்ற வேலையப் பாத்தியா? மறுபடி மொதல்ல இருந்து. இப்படியே போனா இந்தச் செய்திய முடிக்கறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன்."

"குடுங்க மாமா, பாக்கறேன்."

"நீ பாத்துக் கிழிச்ச. போன மாசம் நான் கடைக்காரரத்தான் தொட்டேன். அந்த நேரம் பாத்து வேற யாரோ கூப்பிட, பேருங்க எல்லாம் ஒரு எடம் எறங்கிடுச்சு. போனது யாருக்கு? உங்கப்பாவுக்கு. ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகிட்ட அர மணி நேரம் மூட்டு வலி விசாரிச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. செயற்கைப் பல் செய்யும் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவன், விரலிடுக்கில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைக் கழுவிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். சொன்னாள், குறிப்பைப் பற்றியும் சேர்த்தே.

"நீ விசாரணைக்குப் போனா உன் வேலை போயிடுமா?" என்றான்.

"போகலாம்."

"போகலன்னா?"

"அந்தம்மா வேலை போயிடும். பத்தொம்பது வருஷமாம்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "சரி, போ. ஆனா அங்க போய்க் கத்தாத. நீ கத்தினா ஜனங்க உன் சத்தத்தத்தான் கேப்பாங்க, விஷயத்தக் கேக்க மாட்டாங்க."

"உங்கப்பாவுக்குப் போன விஷயத்தயும் சேத்துச் சொல்லிட்டு வா," என்றார் மாமனார், செல்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதன்கிழமை பத்தே முக்கால் மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவளைக் கண்டதும் மேனேஜரின் முகம் சுண்டிப்போனது. "உன்ன யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல சார்," என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் படியேறினாள்.

விசாரணை அறையில் நீள மேஜை, ஆறு நாற்காலி, சுவரில் கைகழுவும் முறை பற்றிய படம். நிர்வாக அதிகாரி நரைத்த மீசையை அடிக்கொருதரம் நீவிவிடுகிற மனிதர். கெட்டவர் போலத் தெரியவில்லை, அவசரக்காரர் போலத் தெரிந்தார். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முடி மூடும் வலையின் விளிம்பு நெற்றியில் ஒரு கோடாகப் பதிந்திருந்தது. சமையற்கூடத்தில் எல்லாரும் அவரைத் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டில் நர்ஸுகளும் அப்படித்தான்.

தட்டக்காவின் முன்னால் ஒரு காகிதம் கிடந்தது. அவர் பெயரை ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். என் கவனக்குறைவால் நேர்ந்த தவறு என்று அதில் இருந்தது.

"கையெழுத்துப் போட்டுடுங்கம்மா," என்றார் அதிகாரி. "சலவைப் பிரிவுலயும் இதே சம்பளம்தான்."

தட்டக்கா காகிதத்தை நடுவிரல் முட்டியால் ஓர் அங்குலம் தள்ளி வைத்தார். "நான் தொட்டது ஆறாம் வார்டு பன்னெண்டு. உப்பில்லாத தட்டு. மூடினேன், வண்டியில வச்சேன், திரும்பித் தொட்டேன். உங்க டப்பா எதத் தொட்டதா எழுதி வச்சிருக்குன்னா, அதப் போய் அதுகிட்டயே கேளுங்க."

"பன்னெண்டாம் படுக்கையயும் அப்புறம் தொட்டிருக்கீங்களே?"

"ஓடின பட்டியல மேல தள்ளிப் பாத்தேன், தொட்டும் அந்த வரி நெறம் மாறாம நின்னுச்சு. கையுறை ஈரத்துல பதியல போலன்னு நெனச்சு மறுபடி தொட்டேன். இடையில வேற ஒருத்தர் சாப்பாடு போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா நானே தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டேனா?" காகிதத்தை இன்னும் ஓர் அங்குலம் தள்ளினார். "கையெழுத்துப் போட மாட்டேன். வேலை போனா போகட்டும். செய்யாதத செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டு நான் எந்தப் பிரிவுலயும் நிக்க மாட்டேன்."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு டேப்லெட்டை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். "சார், நீங்களே பாருங்க. இதோ பட்டியல். இதோ புதுசா ஒண்ணு வருது. ஏதாவது ஓடுதா?"

எதுவும் ஓடவில்லை. புது வரி வந்து அடியில் இருந்த காலியிடத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது. அதிகாரி மீசையை நீவினார். தட்டக்கா அந்தத் திரையை வெறித்துப் பார்த்தார். தன் கண்ணையே நம்ப முடியாதவர் போல ஒரு முறை தலையை ஆட்டினார். பத்தொன்பது வருடம் வேலை செய்த ஒருவரை அரை நிமிடத்தில் பொய்க்காரியாக்க முடியும் என்றால், அதை அந்த எட்டு வரி செய்துகொண்டிருந்தது.

கத்தாதே என்று கணவன் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மேஜைக்கு அடியில் கையை இறுக்கிக்கொண்டு, சாதாரணமாகத்தான் பேசினாள்.

"சார், இதுல எட்டு வரிதான் இருக்கு. அவங்களுக்கு முன்னூத்தி நாப்பது. இந்த ரூம்ல உக்காந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். மணி பதினொன்னரை ஆகப் போகுது, கீழ தட்டு ஏற ஆரம்பிச்சிருக்கும். எறங்கி வாங்க. அவங்க நிக்கற எடத்துல நீங்க நின்னு, பத்துத் தட்டு மட்டும் அனுப்பிப் பாருங்க."

"நீங்க யாரு?"

"அந்தப் பட்டியல எழுதினவ."

மேனேஜர் எழுந்தே விட்டார். "சார், இவங்கள நாங்க அனுப்பல."

"ஆமா சார், அனுப்பல. நானாத்தான் வந்தேன். இதையும் பாத்துடுங்க." அறுபத்தொன்று என்ற எண்ணும், அத்தனை நேரங்களும் இருந்த தாளை அதிகாரியின் முன் வைத்தாள். "கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க. நாலு மாசத்துல அறுபத்தோரு தடவ பட்டியல் அவங்க விரலுக்கடியில ஓடியிருக்கு. அறுபத்தோரு தடவயும் அவங்களே பிடிச்சுத் திருத்தியிருக்காங்க. இதுக்குப் பேரு கவனக்குறைவுன்னா, கவனம்னா என்னன்னு எனக்குத் தெரியல."

அதிகாரி தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தட்டக்கா அந்தக் காகிதத்தை நாலாக மடித்துத் தன் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஏன் எடுத்துக்கொள்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

சமையற்கூடம் ஆவியும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது. தட்டுகள் ரப்பர் பட்டையில் நகர்ந்து வந்தன. பட்டை யாருக்காகவும் நிற்காது. சுவரில், பட்டைக்கு முதுகு காட்டித் திரும்பினால் மட்டும் எட்டும் இடத்தில், டேப்லெட். அவள் இந்த இடத்துக்கு இதற்கு முன் வந்ததே இல்லை. இரண்டு வருடம் பட்டியலுக்காகச் சண்டை போட்டவள், அந்தப் பட்டியல் மாட்டியிருந்த சுவரைப் பார்த்ததில்லை. அதை நினைக்க அவளுக்கே கூசியது.

அதிகாரிக்கு முடி வலையும் கையுறையும் மாட்டிவிட்டார்கள். மீசைக்கும் ஒரு வலை தேவைப்பட்டது. விரல் நுனி ஈரத்தில் பதியாது, முட்டியால் தொடுங்கள் என்று தட்டக்கா சொல்லிக்கொடுத்தார். சீட்டைப் படி, மூடு, வண்டியில் வை, திரும்பு, வரியைப் பார், தொடு.

முதல் தட்டு. இரண்டாவது. மூன்றாவதுக்குத் திரும்பும்போது பட்டியல் சரேலென்று அடிக்கு ஓடியது. அவர் விரலால் தள்ளித் தள்ளி மேலே வருவதற்குள் பட்டையில் இரண்டு தட்டுகள் அவரைக் கடந்து போய்விட்டன. நெற்றி வேர்த்தது. நாலாவது சரி. ஐந்தாவதுக்கு முட்டியை இறக்கினார். இறக்கும்போதே பட்டியல் ஓடியது. இரண்டாம் வார்டு மூன்றாம் படுக்கையைத் தொட வந்த முட்டி, ஒன்பதாம் வார்டில் யாரோ ஒருவரைத் தொட்டது. வரி சாம்பலானது.

அதிகாரி அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த தட்டுக்குத் திரும்பிவிட்டார்.

தட்டக்கா அவரைத் தாண்டிக் கையை நீட்டி, அந்தச் சாம்பல் வரியை முட்டியால் மாற்றி, மேலே போய்ச் சரியான வரியைத் தொட்டார். எல்லாம் ஒரு மூச்சுக்குள் நடந்தது. "இப்ப அந்த ஒம்பதாம் வார்டு ஆளு தப்பிச்சாரு," என்றார்.

அதிகாரி கையைத் தொங்கவிட்டபடி நின்றார். "இத நிறுத்த முடியுமா?"

"ஒரே ஒரு வரிதான் சார்," என்றாள் அவள். "திங்கக்கிழமையே எடுத்து வச்சுட்டேன். எங்க சார் சரின்னு ஒரு பொத்தான அழுத்தினா போயிடும்."

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் செல்பேசியை எடுத்து அழுத்தினார். சில நிமிடங்களில் சுவரில் இருந்த டேப்லெட் ஒரு முறை கண்ணைச் சிமிட்டியது. அடியில் புது வரிகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. மேலே எதுவும் அசையவில்லை. பட்டைக்குத் திரும்பியிருந்த தட்டக்கா ஒரு வரியைத் தொட்டார், இன்னொன்றைத் தொட்டார், மூன்றாவதைத் தொடும் முன் வேண்டுமென்றே முட்டியைக் காற்றில் நிறுத்திக் காத்திருந்து பார்த்தார். வரி நின்ற இடத்தில் நின்றது.

"கையெழுத்து வேணாம்மா," என்றார் அதிகாரி. "நீங்க உங்க எடத்துலயே இருங்க."

அத்தோடு முடிந்திருக்கலாம். மேனேஜருக்கு வாய் சும்மா இருந்தால்தானே. "இப்படி ஒண்ணு நடக்கும்னு யாருக்கு சார் தெரியும்? எங்களுக்கே இது புதுசு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வேலையைக் கண்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. இந்த வார்த்தையை விட்டுவிட்டால் தன் வேலை தப்பிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தட்டக்காவுக்கு நியாயம் கிடைத்தாகிவிட்டது. இனி வாயை மூடிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. செல்பேசியை எடுத்து அந்தக் குறிப்பைத் தேடினாள்.

"தெரியும் சார்," என்றாள். படித்தாள். ஒரு வார்த்தை விடவில்லை. இது தப்பு என்பதில் தொடங்கி, சொன்னதால் போடுகிறேன் என்பது வரை. தேதியையும் படித்தாள்.

பாத்திரச் சத்தத்தில் மேனேஜர் ஏதோ சொன்னது யார் காதிலும் விழவில்லை. தட்டக்கா பட்டையை இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, அவள் முன்னால் வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றாமல் இருக்குமா, மனுஷிதானே.

"தெரிஞ்சே போட்டியா?" என்றார் தட்டக்கா.

"தெரிஞ்சேதான்க்கா போட்டேன்."

"எழுதி வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்ட."

"ஆமா."

"நாலு மாசம் நான் ராத்திரி படுத்தா, கண்ண மூடினா பட்டியல்தான் ஓடும். எனக்குத்தான் வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுதுன்னு நெனச்சேன். கண் டாக்டர்கிட்டகூடப் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு." அவர் கோபமாகப் பேசவில்லை. கணக்கு ஒப்பிப்பவர் போலச் சொன்னார். "ஒரு நாள் இங்க வந்து, அக்கா இது நீங்க இல்ல, நாங்கதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

சண்டைக்காரி என்று பெயரெடுத்தவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சண்டை போட எதிராளி கிடைக்கவில்லை. எதிரே நின்றவர் பக்கம்தான் முழு நியாயமும் இருந்தது.

தட்டக்கா மேலங்கிப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, நாலு மடிப்பையும் பிரித்து, தட்டு மூடிகள் அடுக்கியிருந்த மேடையின் மேல் நீவி வைத்தார்.

"இது எனக்கு வேணாம்னு ஆயிடுச்சு. காகிதம் எதுக்கு வீணாகணும்?"

"யோசிச்சுப் பண்ணு," என்றார் மேனேஜர் அவளிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "இது எழுத்துல போனா கம்பெனி பேரயும் இழுத்துட்டு வரும்."

"வரட்டும் சார். அது வராமத்தான் இத்தன நாள் இவங்க தனியா நின்னாங்க." அவள் அதிகாரியிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். அச்சடித்திருந்த தட்டக்காவின் பெயரை ஒரே கோட்டில் அடித்து, மேலே தன் பெயரை எழுதினாள். அடுத்த வரிக்கு வந்தபோது பேனா நின்றது. 'என் கவனக்குறைவால்' என்று இருந்தது. அது பொய். கவனக்குறைவு என்ற இடத்தை அடித்துவிட்டு, தெரிந்தே என்று எழுதினாள். ஈரம் பட்டு மை லேசாகப் பரவியது. அடியில் கையெழுத்துப் போட்டாள்.

தட்டக்கா காகிதத்தைக் கையில் எடுத்து மேலிருந்து கீழ் வரை, உதட்டை அசைக்காமல், நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். தலையை ஒரு முறை மட்டும் அசைத்தார். பிறகு காகிதத்தை மேனேஜர் பக்கம் திருப்பி, கையெழுத்துக்கு அடியில் இருந்த வெள்ளையை முட்டியால் தொட்டுக் காட்டினார்.

"இன்னும் எடம் இருக்கு சார்."

மேனேஜர் தன் செல்பேசியைப் பார்த்தார். அதில் எதுவும் வந்திருக்கவில்லை. அதிகாரி மீசையை நீவ மறந்து அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுசு உடனே கண்ணில் பட வேண்டும் என்ற ஆசை முதலில் அவருடையதுதானே. பேனா இன்னும் அவள் கையில்தான் இருந்தது. மூடியைத் திறந்தபடியே அதை இருவருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நின்றாள், யாராவது வாங்கும் வரை கையைக் கீழே இறக்குவதில்லை என்று.

தட்டக்கா புதுக் கையுறை ஒன்றை உருவி மாட்டிக்கொண்டு பட்டைக்குப் போனார். ஆறாம் வார்டுத் தட்டுகள் வரத் தொடங்கியிருந்தன.